மலையின் பின்பக்கம்

டன்ஹோமில் மேடு என்று எதுவும் கிடையாது.
தானியக் கிடங்கின் தகரக் கூரைதான் எங்கள் சிகரம்.
அடுத்து, பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்குவதற்காக
நகராட்சி கொட்டிவைத்த மண்குவியல்.
இந்தச் சமவெளியில் ஒரு நாய் ஓடிப்போனால்
மூன்று நாள்வரை கண்ணில் தெரியும் என்று
சஸ்காட்செவன் முழுக்க ஒரு பகடி உண்டு.
என் நாய் ஓடியதே இல்லை.
எங்கே போவதென்று அதற்கும் குழப்பம்போல.

இந்த ஊருக்குத்தான் மலை வந்தது,
ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை,
ஒரு டிரக்கில்,
நான்காக மடித்து.

ஊதுகருவியை முடுக்கியதும்
புல்வெளியில் கிடந்த துணி புரண்டு படுத்தது,
முழங்கையை ஊன்றியது,
பிறகு மெதுவாக எழுந்து நின்றது
இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளை.
நுழைவு இலவசம்; நீச்சல்குளத்துக்குப் புது பம்பு வாங்க
மனமிருந்தால் வாளியில் போடுங்கள் என்று
நூலகத்து ஓரிசியா ஒவ்வொரு நாற்காலியாக
வாளியோடு வந்தாள்.

இருட்டத்தான் மாட்டேனென்றது.
மேற்கே அறுவடை எந்திரங்கள் கிளப்பிய தூசியில்
சூரியன் சிவப்பாகச் சிக்கிக் கிடந்தது.
கொசு மருந்தின் நெடி. யாரோ பிரித்த
உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்.

முதல் படத்தில் ஒருவன்
அருவிக்குள் படகோடு விழுந்தான்.
இரண்டாவதில் ஒரு பெண்
உப்புப் பாலைவனத்தைச் சைக்கிளில் கடந்தாள்.
டெல்பர்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்:
"இதுக்கெல்லாம் யாரு சம்பளம் தர்றாங்க?"

மூன்றாவது, பனிச்சுவர்.
இரண்டு பெண்கள், ஒரு கயிறு.
பாதிச் சுவர் ஏறியிருப்பார்கள்,
எங்கள் காற்று வந்துவிட்டது.
தடுக்க ஒரு மரமும் இல்லாமல்
ஆல்பர்ட்டாவிலிருந்து நேராக வருகிற காற்று.
மலை ஒருமுறை குனிந்தது.
முளைகள் பிடுங்கிக்கொண்டு பறந்தன.
"கயிறு! கயிறு!" என்று லோர்ன் கத்த
பன்னிரண்டு பேர் ஓடினோம்.

எனக்குக் கிடைத்தது பின்பக்கம், இடமிருந்து மூன்றாவது.
முன்னால் டெல்பர்ட்.
பின்னால் பெட்ரோல் பங்கில் பார்த்திருக்கிற பெண்,
பாதி உரிந்த பச்சை நகப்பூச்சு.

திரையின் பின்னாலும் படம் ஓடுகிறது.
இது எனக்கு அதுவரை தெரியாது.
வலது கை இடது கையாகிவிடும்,
எழுத்துகள் தலைகீழாக அல்ல,
முதுகு காட்டி நடக்கும்.
வசனம் மட்டும் அந்தப் பக்கத்துக்குச் சொந்தம்.
திரையின் ஓரத்தில் தெரிந்த
நாலைந்து முகங்களைப் பார்த்துக்கொண்டோம்.
வாய் திறந்தால் ஆபத்து;
வறுவலுக்குக் கை போனால் ஆபத்தில்லை.

எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தது.
பனிக்கோடரி தெறித்தது.
மேலே இருந்தவள் விழுந்தாள்,
எங்கள் பக்கத்தில் இடப்புறமாக,
அதே நொடியில் காற்றும் அடித்தது.
பன்னிரண்டு பேரும் குதிகாலைப் புல்லில் ஊன்றிப்
பின்னால் சாய்ந்தோம்.
கயிறு உள்ளங்கையில் ஒரு சாண் ஓடி
நின்றது.

"புடிச்சிருக்கேன்," என்றார் டெல்பர்ட்.
யாரிடம் என்று தெரியவில்லை.
"புடிச்சிருக்கேன் தாயி, நீ ஏறு."

படம் முடிந்து ஊதுகருவியை நிறுத்தியபோது
மலை நீளமாக மூச்சுவிட்டு
எங்கள்மேலேயே சாய்ந்தது.
பொடிசுகள் செருப்பைக் கழற்றிவிட்டு
அதன்மீது ஓடினார்கள்;
லோர்ன் விரட்டினார்; மறுபடி ஓடினார்கள்.
பச்சை நகப்பூச்சுக்காரி
தன் உள்ளங்கையை எனக்குக் காட்டினாள்.
நானும் காட்டினேன்.

"படம் எப்படி?" என்று வாளியோடு வந்தாள் ஓரிசியா.
டெல்பர்ட் யோசித்தார். பையைத் தடவினார்.
"நல்ல கனம்," என்று சொல்லி
இருபது டாலர் போட்டார்.

என் வீட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர்.
அளவுகோல் வைத்து இழுத்த சாலை.
பாதி தூரம் போனபிறகு
எஞ்சின் முனகுவதைக் கேட்டுக் குனிந்து பார்த்தேன்:
இரண்டாவது கியர்.